எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம்

விடுதிக் கதவை யாரும் தட்டுவதில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, பூட்ஸில் ஒட்டிய சேற்றை என் தரையில் அப்பிவிட்டு, "டமாரிஸ், ஆப்பிள் மது!" என்று கத்துவதுதான் வெக்ஸம் ஊரின் வழக்கம். அதனால் அந்த நவம்பர் மாதச் செவ்வாய்க்கிழமை மதியம் கதவு தட்டப்பட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. வெளியே நிற்பது யாராக இருந்தாலும், பல கதவுகள் முகத்தில் சாத்தப்பட்ட ஆள்.

திறந்தேன். ஒரு பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒரு காலில் யாரோ ஓர் ஆணின் பூட்ஸ், இன்னொரு காலில் சாக்குத்துணி. இருமினாள். இருமி முடித்த பிறகு சிரிக்க முயன்றாள்.

"கொஞ்ச நேரம் நெருப்புக்கிட்ட உட்கார்ந்துட்டுப் போயிடுறேம்மா. எதுவும் வேண்டாம்."

"எங்கேர்ந்து வர்றே?"

"கடற்கரைப் பக்கம். ஆத்துக்கு மேற்கே அக்கா வீடு இருக்கு. அங்கேதான் போறேன்."

"நடுவுல எத்தனை ஊரு?"

அவள் விரல்விட்டு எண்ணினாள். "அஞ்சு. அஞ்சு ஊர்லேயும் கான்ஸ்டபிள் வந்து காகிதம் படிச்சாரு."

எங்கள் மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தின் சட்டத்தை நான் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. கால் செருப்பு தேயத் தேய அவளே படித்திருந்தாள். வெளியாள் ஒருவர் ஓர் ஊரில் மூன்று மாதம் தங்கிவிட்டால் அவர் அந்த ஊர்க்காரர். பிறகு அவர் நொடித்துப்போனாலும், படுத்த படுக்கையானாலும், ஊர்தான் சோறு போட வேண்டும். அதனால் மூன்று மாதம் முடிவதற்குள், கான்ஸ்டபிள் அவர் பெயரும் ஊரும் எழுதிய காகிதத்தை அவர் முகத்துக்கு நேரே படித்து, எல்லைக்கல்லைத் தாண்டிக் கொண்டுபோய் விட வேண்டும். கடவுளுக்குப் பயந்த நூறு ஊர்கள் இப்படி ஏழைகளை ஒன்றின்மேல் ஒன்று தள்ளிக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில் எல்லா ஊரும் ஒரே சங்கீதத்தைத்தான் பாடின.

அவளை நெருப்பருகே இருந்த நீண்ட பெஞ்சில் உட்காரவைத்தேன். சோளக்கூழ் கொடுத்தேன். பெயர் கேட்டேன். விடுதி நடத்துபவள் கேட்டே ஆக வேண்டும். சொன்னாள்.

பிறகு நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் மழுப்பிச் சொல்லும் இடம் இது. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, ஊர்த் தலைவர் கிரேனிடம் வெளியாள் வந்திருக்கிறாள் என்று சொல்லி அனுப்பினேன். வெளியாளை மறைத்து வைத்தால் விடுதி உரிமம் போய்விடும். ஏப்ரலில் உரிமம் புதுப்பிக்க கிரேனின் கையெழுத்து வேண்டும். கணவன் செத்த பிறகு எனக்கென்று இருந்தது அந்த விடுதி ஒன்றுதான். கூழ் கொடுத்த கையாலேயே காட்டியும் கொடுத்தேன். அவள் இன்னும் கூழைக் குடித்து முடித்திருக்கவில்லை.

ஹோப்ஸ்டில் கிரேன் வந்தார். கூடவே ஊர் எழுத்தர் எலிஃபலெட், பின்னால் கான்ஸ்டபிள் ஃபிஸ்க். கிரேன் பீப்பாய்ப் பலகை வியாபாரி. எங்கள் காட்டு ஓக் மரங்களை அறுத்து பார்படோஸ் தீவுக்குக் கப்பலேற்றுவார். அங்கே அடிமைகள் காய்ச்சும் சர்க்கரைப்பாகு அந்தப் பீப்பாய்களில் நிறையும். அந்தப் பாகில் ஒரு பீப்பாயை ஒவ்வொரு கிறிஸ்தவக் குடும்பமும் தன் ஏழ்மையைப் பற்றிப் புலம்பிக்கொண்டே வாங்கும். கிரேனின் வயிறும் அவர் செய்யும் பீப்பாயைப் போலவே நன்றாக வளைந்து, நன்றாக இறுக்கப்பட்டிருக்கும்.

அவர் அவளிடம் பேசவில்லை. அவளைப் பற்றி என்னிடம் பேசினார்.

"இருமலா?"

"ஆமாங்க."

"சரி. ஃபிஸ்க், கூட்டிட்டுப் போ."

எழுத்தர் தொண்டையைக் கனைத்தார். "காகிதம் எழுதணும் ஐயா. பேரு, வந்த ஊரு, தேதி..."

"எலிஃபலெட், என் கப்பல் அலையேத்தத்துக்குக் காத்திருக்கு. நீ இறகுப் பேனாவைச் சீவிச் சீவி எழுதி முடிக்கிறதுக்குள்ள இருட்டிடும். முதல்ல இவளை அனுப்பு. காகிதம் அப்புறம்."

"ஐயா, வெளியே பனி விழுது" என்றேன். இவ்வளவுதான் நான் சொன்னது. இதைச் சொன்னதற்காக இத்தனை நாள் என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"பனி எல்லா ஊர்லேயும்தான் விழுது" என்றார் கிரேன். என் மதுவை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, காசு தராமல் எழுந்தார்.

அவள் போகும்போது பாத்திரத்தைத் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை விறகுவெட்டிகள் அவளைப் பிரான்ட்லி சாலையில் கண்டார்கள். வெக்ஸமுக்கும் பிரான்ட்லிக்கும் நடுவே நிற்கும் எல்லைக்கல்லுக்குப் பத்தடி இந்தப் பக்கம் விறைத்துக் கிடந்தாள். கண்களில் பனி நிறைந்திருந்தது.

இந்தப் பக்கம். அதுதான் ஊரின் துக்கம்.

எங்கள் மண்ணில் கிடந்தால் எங்கள் செலவில் குழி வெட்ட வேண்டும். எங்கள் இடுகாட்டில் புதைத்தால் எங்கள் ஆள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். மதியத்துக்குள் வெக்ஸமின் நான்கு நல்ல மனிதர்கள் போய் அவளைக் கல்லுக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போட்டார்கள். சாயங்காலம் பிரான்ட்லியின் நான்கு நல்ல மனிதர்கள் இந்தப் பக்கம் இழுத்துப் போட்டார்கள். ஆறு நாள் இப்படியே நடந்தது. இரண்டு ஊரும் பாஸ்டனுக்கு ஒருவர்மேல் ஒருவர் புகார் எழுதின. இழுத்த தடம் பனியில் வழுவழுப்பாகி, சறுக்கு விளையாடும் இடம்போல் பளபளத்தது என்று ஃபிஸ்க் சொன்னான். அப்போது மண் இன்னும் இறுகவில்லை. இரண்டு பேர் ஒரு மணிநேரம் வெட்டியிருந்தால் போதும்.

ஏழாம் நாள் காலை அவள் எந்தப் பக்கத்திலும் இல்லை.

பிரான்ட்லிக்காரர்கள் புதைத்துவிட்டார்கள் என்று நாங்கள் நினைத்தோம். நாங்கள் புதைத்துவிட்டோம் என்று அவர்கள் நினைத்தார்கள். கிரேன் என் விடுதியில் கோப்பையைத் தூக்கி, "கர்த்தர் வழி காட்டினார்" என்றார்.

அவர் அதைச் சொல்லும்போது வாயிலிருந்து வெண்புகையாக மூச்சு வந்தது.

நான்தான் முதலில் கவனித்தேன். நெருப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பெரிய ஓக் கட்டைகள் செக்கச்சிவந்து கிடந்தன. வெளிச்சம் சுவரில் ஆடியது. ஆனால் வீடு குளிர்ந்தது. கையை நெருப்புக்கு நேரே நீட்டினேன். இன்னும் நீட்டினேன். கட்டையின்மேலேயே வைத்தேன்.

ஒன்றுமில்லை. நெருப்பின் படத்தைத் தொட்டதுபோல் இருந்தது.

நெருப்பருகே பெஞ்சின் ஒரு முனை ஈரமாக இருந்தது. அங்கிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக, ஒவ்வொரு சொட்டாக. பனி உருகும்போது எழும் ஈரக் கம்பளி வாடையும், அதற்கடியில் இலேசாக, உண்ணாமல் கிடக்கும் வயிற்றிலிருந்து வரும் புளித்த மூச்சின் வாடையும் வந்தன.

துடைத்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடி ஈரம்.

அடுத்து வந்த நாட்களில் வெக்ஸம் தன் முழுத் திறமையையும் காட்டியது. பார்க்காமல் இருப்பதில் எங்கள் ஊருக்கு இணை கிடையாது. ஆண்கள் வருவார்கள், பெஞ்சின் அந்த முனையை மட்டும் விட்டுவிட்டு நெருக்கியடித்து உட்காருவார்கள், பற்கள் கிடுகிடுக்க வானிலை பற்றிப் பேசுவார்கள். "இந்த வருஷம் குளிர் ஜாஸ்தி" என்பார்கள். கோப்பையில் மது உறைந்து நிற்கும். அதை விரலால் உடைத்துக் குடிப்பார்கள். சொட்டும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கேட்டதென்று ஒருவரும் சொல்லவில்லை.

ஃபிஸ்க் மட்டும் ஒருநாள் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"உள்ளே வாடா."

"வேண்டாம்கா. இங்கேயே குடு." அவன் கண் என் தோளுக்குப் பின்னால் போனது. குரல் தாழ்ந்தது. "அக்கா... அந்தப் பூட்ஸ் ஒண்ணுதான் தெரியுது எனக்கு. உனக்கு?"

"எனக்கும் அவ்வளவுதான்."

"ஆடுது."

ஆமாம். தரைக்கு எட்டாத கால்போல, பெஞ்சுக்கடியில் அந்த ஒற்றைப் பூட்ஸ் முன்னும் பின்னும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. களைத்துப்போய் உட்கார்ந்தவர்கள் காலை ஆட்டிக்கொள்வதுபோல.

கிறிஸ்துமஸை நாங்கள் கொண்டாடுவதில்லை. அது போப்பின் ஆட்களுடைய கூத்து என்று போதகர் சொல்வார். ஆனால் அந்த நாள் வந்து போனபோது என் விடுதிக்கு ஆள் வருவதும் நின்றுபோயிருந்தது. பகலெல்லாம் நானும் அவளும்தான். நான் மூன்று கம்பளியைச் சுற்றிக்கொண்டு மாட்டுக் கொட்டிலில் போய்ப் படுப்பேன். பசுவின் வயிறாவது சூடாக இருந்தது. பேசிப் பார்த்தேன். "அக்கா வீட்டுக்குப் போம்மா" என்றேன். "நான் செஞ்சது தப்புதான்" என்றேன். பூட்ஸ் ஆடிக்கொண்டே இருந்தது. அவள் என்மேல் கோபமாக இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. அவள் இருந்தாள். அவ்வளவுதான்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலை, கிரேனும் எழுத்தரும் கான்ஸ்டபிளும் ஒன்றாக வந்தார்கள். ஊர்க்குழுக் கூட்டம் எப்போதும் என் விடுதியில்தான் நடக்கும். ஜெபக்கூடத்தில் மது கிடைக்காது. மேசைமேல் எழுத்தர் ஊர்ப் புத்தகத்தைத் திறந்து வைத்தார். மை உறைந்திருந்தது. அக்குளுக்குள் வைத்து உருக்கினார்.

"ஐயா, நான் ஒரு விஷயம் கணக்குப் போட்டேன்" என்றார். "அந்தப் பொம்பளை வந்தது நவம்பர் பதினொண்ணு. நாளை மறுநாளோட மூணு மாசம்."

"எந்தப் பொம்பளை?" என்றார் கிரேன்.

யாரும் பெஞ்சைப் பார்க்கவில்லை. சொட்டு விழுந்தது.

"எலிஃபலெட், செத்துப்போனவளுக்கு ஏதுய்யா மூணு மாசம்? ஃபிஸ்க் அன்னைக்கே கல்லைத் தாண்டி விட்டாச்சே, அப்புறம் அவளாத் திரும்பி வந்து விழுந்தா நாம என்ன செய்ய?"

எழுத்தர் ஃபிஸ்க்கைப் பார்த்தார். ஃபிஸ்க் தன் தொப்பியைப் பார்த்தான்.

"நான் கல்லு வரைக்கும் போகலீங்க" என்றான்.

"என்னது?"

"குளிருங்க ஐயா. அரை மைலுக்கு முன்னாலயே நின்னு, 'அதோ தெரியுதே, அதான் கல்லு, தாண்டிப் போயிடு'ன்னு கையைக் காட்டிட்டுத் திரும்பிட்டேன். அவ இருமிக்கிட்டே போனா. நான் திரும்பிப் பாக்கலை."

"அப்போ அவ செத்தது..."

"நம்ம ஊர்ல. கல்லைத் தாண்டவே இல்லை."

"தாண்டினாளே! நாமதானே இழுத்துப்..." கிரேன் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

எழுத்தர் மெல்லச் சொன்னார்: "பொணத்தை இழுத்துப் போட்டது சட்டப்படி வெளியேத்தினது ஆகாதுங்க. காகிதம் படிக்கலை. காகிதமே எழுதலை. எழுதறேன்னு நான் அன்னைக்கே சொன்னேன். நாளை மறுநாள் ஆயிடுச்சுன்னா அவ வெக்ஸம்காரி. ஊர்தான் வெச்சுக் காப்பாத்தணும்."

"எத்தனை நாளைக்கு?"

"சாகிற வரைக்கும்னு சட்டம்."

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. மூவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். செத்தவள் இனி எப்போது சாவாள்? கிரேனின் முகத்தில் அந்தக் கேள்வி மெல்ல இறங்குவதைப் பார்த்தேன். மூன்று மாதமாக இந்த வீட்டில் ஒரு பிணம் உட்கார்ந்திருந்தது. அதற்கெல்லாம் பயப்படாத மனிதருக்கு அப்போதுதான் பயம் வந்தது.

"எழுது" என்றார் கிரேன். "இப்பவே எழுது. இன்னைக்கே படிச்சு வெளியேத்திடலாம்."

"எழுதணும்னா அவ இங்கே இருக்கான்னு நாம ஒத்துக்கணும்."

கிரேன் முதன்முறையாகப் பெஞ்சைப் பார்த்தார்.

பூட்ஸ் ஆடுவது நின்றது.

"இருக்கா" என்றார் கிரேன், உதடு அசையாமல். "இருக்கான்னு எழுதிக்கோ."

எழுத்தர் பேனாவை நனைத்தார். "பேரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பேரு இல்லாம காகிதம் செல்லாது" என்றார் எழுத்தர். "உன்கிட்டேதானே சொன்னா, டமாரிஸ்? நீ கேட்டிருப்பே. கேட்காம யாரையும் உள்ளே விட மாட்டியே."

கேட்டிருந்தேன். எனக்குத் தெரியும். அந்த மூவருக்கும் ஒரு நொடிகூடத் தோன்றாத கேள்வியை நான் கேட்டிருந்தேன், அவள் பதில் சொல்லியிருந்தாள், கூழ்ப் பாத்திரத்தின் ஆவிக்கு மேலாக, தன் பெயரை ஒருவர் கேட்டதே பெரிய உபசாரம் என்பதுபோல.

"என்னம்மா யோசனை?" கிரேன் குரலில் வெண்ணெய் தடவினார். "உனக்காகத்தானே இதெல்லாம். இப்படி ஒரு குளிரை வெச்சுக்கிட்டு விடுதி நடத்த முடியுமா? ஒரே ஒரு பேரு. சொல்லிட்டேன்னா ஃபிஸ்க் படிப்பான், அவ போயிடுவா. ஏப்ரல்ல நான் உன் லைசென்ஸ்ல கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுறேன்."

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா வெளியாளை மூணு மாசம் வீட்ல வெச்சிருந்த பொம்பளைக்கு லைசென்ஸ் எதுக்கு?"

என் நாக்கின்மேல் அந்தப் பெயர் இருந்தது. சொல்லியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும். நவம்பரில் காட்டிக்கொடுத்தவளுக்குப் பிப்ரவரியில் என்ன கஷ்டம்? வாயைத் திறந்தேன்.

என் வலது காதருகே யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

வெளியே விடவில்லை.

காத்திருந்தார்கள்.

அந்த மூச்சில் மிரட்டல் இல்லை. ஆறாவது முறை அடி வாங்கப்போகிறவர்கள் உடம்பை இறுக்கிக்கொள்வார்களே, அது. ஐந்து ஊரில் அவள் தன் பெயரைக் கேட்டது காகிதத்திலிருந்துதான். போ என்று சொல்லும் காகிதத்தில் மட்டுமே அவள் பெயரை இந்த நாடு எழுதியது. ஆறாவது முறையும் அப்படித்தான் எழுதப்போகிறது, என் வாயிலிருந்து வாங்கி.

நான் சொன்னது இரக்கத்தால் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கிரேனின் உதட்டோரத்தில் சற்றுமுன் குடித்த என் மதுவின் நுரை உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"பேரா? கேட்க மறந்துட்டேங்க."

"பொய் சொல்றே!"

"நீங்க கேட்டிருக்கலாமே. உங்களுக்கு எதிர்லதானே உட்கார்ந்திருந்தா. கேட்டீங்களா?"

காதருகே அந்த மூச்சு மெதுவாக வெளியே வந்தது. என் கழுத்து மயிர் வெண்பனி பிடித்து விறைத்தது.

கிரேன் காகிதத்தைப் பிடுங்கி ஃபிஸ்க்கிடம் கொடுத்தார். "பேரு தெரியாத பொம்பளைன்னு போட்டுப் படி!" ஃபிஸ்க் படித்தான். அவனுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். மாட்சிமை தங்கிய அரசர், அரசியார் பெயரால், பெயர் தெரியாத நீ, இந்த ஊர் எல்லையைவிட்டு... ஒவ்வொரு சொல்லும் அவன் வாயைவிட்டு வெளியே வந்ததும் வெண்புகையாகி, கலையாமல், பெஞ்சை நோக்கி நகர்ந்து போனது.

பாதியில் நிறுத்திவிட்டான்.

"ஐயா. சிரிக்கிறா."

எனக்குக் கேட்கவில்லை. கிரேனுக்குக் கேட்டிருக்க வேண்டும். அவர் நாற்காலி பின்னால் விழுந்தது. தொப்பியை விட்டுவிட்டு அவர் ஓடிய ஓட்டத்தில், அந்த வயிறு கதவு நிலையில் ஒருமுறை மாட்டி விடுபட்டது. எழுத்தர் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

பதினொன்றாம் தேதி கடந்தது. பன்னிரண்டாம் தேதி காலை கொட்டிலிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது, சூடு என் முகத்தில் அறைந்தது. நெருப்பு நெருப்பாக எரிந்தது. பெஞ்ச் காய்ந்திருந்தது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன், பனி உறைந்த சட்டி உருகுவதுபோல.

எங்கே போனாள் என்பது மதியமே தெரிந்துவிட்டது. ஊரின் ஏழைகளை வைத்துக்கொள்ள வெக்ஸமுக்கு ஒரு முறை உண்டு. வீட்டுக்கு ஒரு வாரம். ஊர்த் தலைவர் வீட்டில் தொடங்கிச் சுற்று வரும். அவள் இப்போது ஊர்க்காரி. முறை தெரிந்து நடந்துகொண்டாள்.

கிரேனின் மனைவி வெண்ணெயைக் கோடரியால் வெட்டிக்கொண்டிருந்ததாக ஃபிஸ்க் வந்து சொன்னான். கிரேன் அடுப்பின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாராம். அடுத்த வாரம் எழுத்தர் வீடு. அவர் மை மறுபடி உருகவேயில்லை. மூன்றாவது வாரம் போதகர் வீடு. இரக்கம் பற்றிய பிரசங்கத்தை அவர் உதடு நீலம்பாரித்து, நான்கு நிமிடத்தில் முடித்தார். இருபது வருடத்தில் அவர் செய்த சிறந்த பிரசங்கம் அதுதான்.

கிரேன் ஒருநாள் என் வாசலில் வந்து நின்றார். இளைத்திருந்தார். நல்ல தச்சன் கைவிட்ட பீப்பாய்போல எல்லாப் பக்கமும் தளர்ந்திருந்தார்.

"இடுகாட்டுல நல்ல இடமாப் பார்த்துப் பொதைச்சுடலாம், டமாரிஸ். கல்லுகூட வைக்கிறேன். பேரை மட்டும் சொல்லு."

"உடம்பு எங்கே இருக்கு?"

காடு முழுக்கத் தேடியிருந்தார்கள். பிரான்ட்லிக்குப் போய்க் கெஞ்சியிருந்தார்கள். இழுத்து இழுத்துப் போட்டபோது இருந்த உடம்பு, வேண்டுமென்று தேடியபோது இல்லை.

"நீங்க எனக்கு லைசென்ஸ் தர மாட்டீங்க, இல்லையா?"

"மாட்டேன்" என்றார். அந்த நிலையிலும் அவர் கண்ணில் ஒரு சின்னத் திருப்தி மின்னியது. எனக்கு அவர்மேல் இருந்த வெறுப்பு அன்று ஒரு வகையில் நிம்மதியாக மாறியது. இந்த மனிதர் கடைசிவரை மாறமாட்டார். நம்பி இருக்கலாம்.

அப்படியானால் இன்னும் சில வாரம். பிறகு விடுதியைப் பூட்டிவிட்டுப் போக வேண்டும். எங்கே? எந்த ஊருக்குப் போனாலும் நான் வெளியாள். மூன்று மாதத்துக்குள் யாரோ ஒரு கான்ஸ்டபிள் என் முகத்துக்கு நேரே என் பெயரைப் படிப்பான். இதை நினைத்துக்கொண்டே இரண்டு வாரம் மூட்டை கட்டினேன், பிரித்தேன், கட்டினேன்.

மார்ச் கடைசியில் ஒருநாள், விடிந்து நன்றாக வெளுத்த பிறகு, நான் வீட்டின் பின்னால் கொட்டிலில் பால் கறந்துகொண்டிருந்தபோது ஃபிஸ்க் ஓடி வந்தான். முந்தைய நாள் சாயங்காலம் கடைசிப் பனி விழுந்திருந்தது. எல்லைக்கல் பக்கம் வேலி பார்க்கப் போனவன்.

"அக்கா. அந்தப் பக்கத்திலேர்ந்து."

"என்னடா?"

"காலடி. பிரான்ட்லி சாலையிலேர்ந்து கல்லைத் தாண்டி நம்ம பக்கம். ஒண்ணு இல்லைக்கா. ஏகப்பட்டது. வெறுங்கால். கட்டையூன்றி ஒருத்தர். சின்னப் புள்ளைங்க கால்கூட இருக்கு. பிரான்ட்லிக்காரன்கிட்டே கேட்டேன், அவங்க ஊருக்கு அந்தாண்டையும் இருக்காம். அதுக்கும் அந்தாண்டை ஊர்லேயும் இருக்காம். கடற்கரையிலேர்ந்தே வருதாம்."

"எங்கே போகுது?"

அவன் வீட்டின் முன்பக்கம் கைகாட்டினான்.

நான் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். வெள்ளைச் சாலை முழுவதும் மிதிபட்டிருந்தது. எல்லாக் கால்விரல்களும் ஒரே திசையில். பிரான்ட்லியிலிருந்து வெக்ஸமுக்குள் வந்தால் முதலில் இருப்பது என் விடுதி. படிவரை வந்திருந்தன. படியிலிருந்து திரும்பிப் போகும் தடம் ஒன்றுகூட இல்லை.

இத்தனை வருடம் ஊர் ஊராகத் துரத்தப்பட்டு வழியில் விழுந்தவர்கள் எத்தனை பேரோ. இங்கே ஒருத்திக்கு இடம் கிடைத்தது என்ற சேதி அவர்களுக்குள் எப்படிப் போயிருக்குமோ.

"உள்ளே போகாதேக்கா" என்றான் ஃபிஸ்க். அவன் ஏற்கெனவே சாலையின் நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

போனேன். என் வீடு அது.

நெருப்பு எரிந்துகொண்டிருந்தது, சூடில்லாமல். நீண்ட பெஞ்ச் முழுவதும் ஈரம், முனைமுதல் முனைவரை. மேசையருகே இருந்த முக்காலிகள் ஈரம். மாடிப்படியின் ஒவ்வொரு படியும் ஈரம். பத்து இடத்திலிருந்து, இருபது இடத்திலிருந்து, மெதுவாக, ஒன்றையொன்று முந்தாமல், நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

உரிமம் இல்லை. விடுதி நிரம்பிவிட்டது.

நான் கதவைச் சாத்தினேன். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டேன். எனக்கு எழுதத் தெரியாது. அதனால் வரிசை தவறாமல் மனதில் வைத்துக்கொள்ள, பெஞ்சின் இடது முனையிலிருந்து தொடங்கினேன்.

"உன் பேரு என்னம்மா?"

அன்று காலை ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவராகத்தான் சொல்கிறார்கள், அவசரமில்லாமல், யாரும் யாரையும் முந்தாமல். சொல்லி முடித்தவர் இடம் காய்ந்துவிடுகிறது. அந்த இடத்தில் புதிதாக வேறொருவர் வந்து உட்காருகிறார்.

இன்று எட்டாவது நாள். படியில் இன்னும் நிற்கிறார்கள்.